கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலையே... சென்னையின் எப்.சி. கோப்பையை கோட்டை விட்ட 2019-20 சீசன்: முழு விவரம்

ராயபுரம்,

ஐ.எஸ்.எல். கால்பந்தில் சென்னையின் எப்.சி. அணி 2 முறை சாம்பியன் பட்டம் வென்று இருக்கிறது. முதல் பட்டம் 2015-ல், இரண்டாவது 2017-18 சீசனில். மூன்றாவது கோப்பைக்கு அருகில் போய், கை நீட்டினால் தொட்டு விடலாம் என்ற தூரத்தில் கோட்டை விட்டது 2019-20 சீசனில்தான்.

அந்த சீசனில் முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத அணி, கடைசியில் கோல் மழை பொழிந்து இறுதிப்போட்டி வரை போனது. நடுவில் வாத்தியாரே மாறினார். இறுதிப்போட்டி நடந்த அன்று ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. அதன் பிறகு 2024-25 சீசன் வரை சென்னை அணி ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டியை எட்டிப்பார்க்கவே இல்லை.

கல்மண்டபத்தில் இருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் சில கிலோமீட்டர்தான். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்தால் 7.30 மணி ஆட்டத்துக்கு போய் விடலாம். அதனால் வட சென்னைக்காரர்களுக்கு இது நம்ம ஏரியா டீம் மாதிரி. அந்த சீசனில் என்னதான் நடந்தது? எங்கே தவறவிட்டார்கள்? முழு விவரம் வருமாறு:-

அணியின் முன்கதை

சென்னையின் எப்.சி. 2014-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. நடிகர் அபிஷேக் பச்சன், கிரிக்கெட் வீரர் டோனி, தொழில் அதிபர் வீட்டா தானி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் பயிற்சியாளர், உலகக்கோப்பை வென்ற இத்தாலி வீரர் மார்கோ மட்டராசி.

2015-ம் ஆண்டு சீசனில் சென்னை அணி புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. எல்லாரும் கை கழுவி விட்டார்கள். ஆனால் கடைசி 4 லீக் ஆட்டங்களையும் வென்று அரை இறுதிக்கு வந்து, கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் அந்த ஊர் அணியையே 3-2 என்ற கோல் கணக்கில் சாய்த்து கோப்பையை தூக்கியது.

அடுத்து 2018 மார்ச் 17-ந் தேதி. பெங்களூரு அணியை அதன் சொந்த ஊரிலேயே 3-2 என்று வீழ்த்தி 2-வது முறை சாம்பியன். அப்போது பயிற்சியாளர் இங்கிலாந்தை சேர்ந்த ஜான் கிரிகோரி. அந்த சீசன் அரை இறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் நம்ம வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ்.

சாம்பியன் டீம் கடைசி இடம்

பட்டம் வென்ற மறு வருடமே சறுக்கல். 2018-19 சீசனில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளிதான். பட்டியலில் கடைசி இடம்.

அந்த சீசன் முடிந்ததும் நடந்த சூப்பர் கோப்பையில் மட்டும் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. இறுதிப்போட்டி வரை போனது. 2019 ஏப்ரல் 13-ந் தேதி புவனேஸ்வரத்தில் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. கோப்பை தவறிய கதைக்கு பிள்ளையார் சுழி அங்கேயே போடப்பட்டு விட்டது.

அதே காலத்தில் சென்னை பெயரை தாங்கிய இன்னொரு அணி சாதித்து காட்டியது. சென்னை சிட்டி எப்.சி., கோவையை சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, 2-வது இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கை மாறியது. ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்பதை அந்த லீக்கில் பார்த்தோம். சென்னை சிட்டி அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் 2019-ல் சென்னையின் எப்.சி. அணிக்கு வந்து சேர்ந்தார்.

450 நிமிடம்... ஒரு கோல்கூட இல்லை

2019 அக்டோபர் 23-ந் தேதி கோவாவில் முதல் ஆட்டம். கோவா 3, சென்னை 0.

அக்டோபர் 27-ந் தேதி தீபாவளி. அன்று இரவு நேரு ஸ்டேடியத்தில் மும்பையுடன் மோதல். ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது. மைதானத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. 0-0 டிரா. அதற்கு 2 நாள் முன்புதான் வட சென்னை கால்பந்தை வைத்து எடுத்த விஜய்யின் 'பிகில்' படம் ரிலீஸ் ஆகி தியேட்டர்களில் கோல் மேல் கோல் விழுந்துகொண்டு இருந்தது.

அக்டோபர் 30-ந் தேதி கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் சொந்த மண்ணில் 0-1 தோல்வி. நவம்பர் 10-ந் தேதி பெங்களூருவில் 0-3 தோல்வி. 4 ஆட்டம் முடிந்தது. அடித்த கோல் பூஜ்யம். வாங்கியது 7. புள்ளி ஒன்றே ஒன்று.

5-வது ஆட்டம் ஐதராபாத்துடன் சென்னையில் நடந்தது. அதிலும் 90 நிமிடம் வரை கோல் இல்லை. ஆக 450 நிமிடம் வறட்சி. அதன் பிறகு கொடுத்த கூடுதல் நேரத்தில்தான் கூத்து. மால்டா நாட்டு வீரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி சீசனின் முதல் கோலை போட்டார். அந்த சந்தோஷம் அடங்கும் முன்பே ஐதராபாத் சமன் செய்தது. உடனே லிதுவேனியா வீரர் நெரிஜஸ் வால்ஸ்கிஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தார்.

அடுத்த ஆட்டத்தில் ஒடிசாவுக்கு எதிராக 2 முறை முன்னிலை பெற்றும், 2 முறையும் கோட்டை விட்டு 2-2 டிரா. அத்துடன் ஜான் கிரிகோரி விடை பெற்றார். நவம்பர் கடைசி அது. 6 ஆட்டத்தில் 5 புள்ளி.

கோல் வறட்சிக்கு ஒரு காரணம் உண்டு. அணியின் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்த மிசோரம் ஸ்டிரைக்கர் ஜேஜே காயத்தால் அந்த சீசனில் ஆடவில்லை. வந்து இறங்கிய வெளிநாட்டு வீரர்கள் புதுசு. ஒருவருக்கு ஒருவர் செட் ஆக நேரம் பிடித்தது.

புது வாத்தியார் வந்தார்

டிசம்பரில் ஓவன் கோய்ல் பயிற்சியாளர் ஆனார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அயர்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர். 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை இங்கிலாந்தின் பிரிமியர் லீக்குக்கு கொண்டு போனவர்.

அவர் சொன்ன வித்தை ரொம்ப சிம்பிள். பின்னால் நின்று கோலை காப்பாற்றிக்கொண்டு இருக்காதே. முன்னால் போய் கோல் போடு.

வந்த உடனே மந்திரம் பலிக்கவில்லை. ஜாம்ஷெட்பூருக்கு எதிராக கடைசி நேரத்தில் கோல் வாங்கி 1-1 டிரா. கேரளாவை 3-1 என்று வென்றார்கள். டிசம்பர் 26-ந் தேதி கோவாவிடம் இடைவேளைக்குள் 3 கோல் வாங்கி, பிறகு விரட்டி விரட்டி ஆடியும் 3-4 தோல்வி. 2020 ஜனவரி 6-ந் தேதி ஒடிசாவிடம் 0-2 தோல்வி.

அன்று கணக்கு பார்த்தால் 10 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 5 தோல்வி. 9 புள்ளி. முந்தைய சீசன் முழுக்க ஆடி வாங்கியதும் அதே 9 புள்ளிதான். அவ்வளவுதான், இந்த வருடமும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலை.

எட்டு ஆட்டம், 21 கோல்

அங்கிருந்துதான் ஆட்டம் சூடு பிடித்தது. மீதி இருந்த 8 லீக் ஆட்டங்களில் சென்னை ஒன்றில்கூட தோற்கவில்லை. 6 வெற்றி, 2 டிரா. 20 புள்ளி. 21 கோல்.

ஐதராபாத்தை 3-1, வடகிழக்கு அணியை 2-0, ஜாம்ஷெட்பூரை 4-1 என்று வரிசையாக சாய்த்தார்கள். வடகிழக்குக்கு எதிராக பிரேசில் வீரர் ரபேல் கிரிவெல்லாரோ, கோல் கீப்பர் முன்னால் நிற்பதை பார்த்து வெகு தூரத்தில் இருந்தே பந்தை வலைக்குள் தூக்கி போட்டார். அந்த சீசனின் மறக்க முடியாத கோல்களில் அதுவும் ஒன்று.

பிப்ரவரி 1-ந் தேதி கொச்சி. கேரளாவின் ஓக்பெச்சே 3 கோல் போட்டார். அப்படியும் கேரளா தோற்றது. காரணம், சென்னை போட்டது 6. கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், மிசோரம் வீரர் சாங்தே மூவரும் தலா 2 கோல்.

பிப்ரவரி 16-ந் தேதி கொல்கத்தா போய் ஏ.டி.கே. அணியை 3-1 என்று வீழ்த்தினார்கள். இந்த ரிசல்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இதே ஏ.டி.கே. மறுபடி வரும்.

பிப்ரவரி 21-ந் தேதி மும்பையில் வாழ்வா சாவா ஆட்டம். ஜெயிக்கிற அணிக்குத்தான் அரை இறுதி. 83-வது நிமிடத்தில் கேப்டன் லூசியன் கோயன் கோல் போட்டார். ருமேனியாவை சேர்ந்த அவர், அதற்கு முன்பு மும்பை அணிக்கே கேப்டனாக இருந்தவர். பழைய வீட்டுக்கே போய் கதவை சாத்திவிட்டு வந்தார். சென்னைக்கு 4-வது இடம் உறுதி.

புள்ளி கணக்கு சொல்வது என்ன?

லீக் முடிவில் முதல் 4 இடம்:

கோவா - 39 புள்ளி
ஏ.டி.கே. - 34 புள்ளி
பெங்களூரு - 30 புள்ளி
சென்னை - 29 புள்ளி

லீக்கில் முதல் இடம் பிடிக்கும் அணிக்கு தனி கேடயம் கொடுக்கும் வழக்கம் அந்த சீசனில்தான் ஆரம்பித்தது. கூடவே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பும் உண்டு. இரண்டையும் கோவா தட்டிச்சென்றது. சென்னையை லீக்கில் 2 முறையும் தோற்கடித்ததும் அதே கோவாதான்.

இப்போது ஒரு கணக்கு. கிரிகோரி காலத்தில் 6 ஆட்டம், 5 புள்ளி, 4 கோல். கோய்ல் காலத்தில் 12 ஆட்டம், 24 புள்ளி, 28 கோல். அதாவது ஆட்டத்துக்கு 2 புள்ளி. சீசன் முழுக்க இதே வேகத்தில் ஆடி இருந்தால் 36 புள்ளி வந்திருக்கும். ஏ.டி.கே.யை தாண்டி 2-வது இடம். அப்படி ஆடி இருந்தாலும் கோவாவின் 39-ஐ பிடித்திருக்க முடியாது. ஆகவே கேடயம் தவறியதற்கு கிரிகோரியை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. லீக்கில் சென்னை வாங்கிய கோல் 26. அரை இறுதிக்கு வந்த மற்ற 3 அணிகளில் கோவா 23, ஏ.டி.கே. 16, பெங்களூரு 13 கோல்தான் வாங்கி இருந்தன. முன் வரிசை செம பார்மில் இருந்தாலும், பின் வரிசை ஒழுகிக்கொண்டே இருந்தது. நாக்-அவுட்டில் இது காலை வாரும் என்பது கால்பந்து தெரிந்தவர்களுக்கு தெரியும்.

அரை இறுதி: 6-5 திக் திக்

அரை இறுதி 2 ஆட்டம் கொண்டது. இரண்டிலும் போட்ட கோல்களை கூட்டி யாருக்கு அதிகமோ அவர்களுக்கே இறுதிப்போட்டி.

முதல் ஆட்டம் பிப்ரவரி 29-ந் தேதி நேரு ஸ்டேடியத்தில். இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு கோயன், அனிருத் தாபா, எலி சாபியா, சாங்தே என்று 4 பேர் வரிசையாக கோல் போட ஸ்டேடியமே அதிர்ந்தது. கோவா கடைசியில் ஒரு கோல் திருப்பியது. 4-1.

2-வது ஆட்டம் மார்ச் 7-ந் தேதி கோவாவின் படோர்டா மைதானத்தில். 10-வது நிமிடத்தில் கேப்டன் கோயன் காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. 21-வது நிமிடத்தில் கோவாவின் பால் இன்னொரு கோல். மொத்த கணக்கு 4-3. ரசிகர்களுக்கு வயிற்றை கலக்கியது.

இடைவேளைக்கு பிறகு சாங்தேயும் வால்ஸ்கிசும் தலா ஒரு கோல் போட்டு மானத்தை காப்பாற்றினார்கள். 6-3. அத்துடன் முடிந்தது என்று நினைத்தால், கடைசி கட்டத்தில் கோவா மேலும் 2 கோல் போட்டது. 6-5. இன்னும் ஒன்று விழுந்தால் சமன். எப்படியோ விசில் ஊதும் வரை தாக்குப்பிடித்து சென்னை இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. 4 கோல் வாங்கி தோற்றும் ஜெயித்த ஆட்டம் அது.

இறுதிப்போட்டி: ஆளில்லா ஸ்டேடியம்

2020 மார்ச் 14-ந் தேதி சனிக்கிழமை. இடம் அதே படோர்டா. 2015-ல் சென்னை முதல் கோப்பையை தூக்கிய அதே மைதானம். எதிரில் ஏ.டி.கே. இரண்டு அணியிடமும் தலா 2 கோப்பை. ஜெயிப்பவர்களுக்கு 3-வது கோப்பை. ஐ.எஸ்.எல். வரலாற்றில் 3 முறை வென்ற முதல் அணி என்ற பெருமையும் காத்திருந்தது.

கொரோனா பரவ ஆரம்பித்திருந்த நேரம். அதனால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் 22 பேர் ஆடினார்கள். வீரர்கள் கத்துவதும் பந்தை உதைக்கும் சத்தமும் டி.வி.யில் தெளிவாக கேட்டது.

ஆரம்பமே சென்னைக்கு சாதகம். முதல் சில நிமிடங்களிலேயே வால்ஸ்கிஸ் உதைத்த பந்து கோல் கம்பத்தின் மேல் கட்டையில் பட்டு திரும்பியது. ஒரு சாண் கீழே போயிருந்தால் கதையே வேறு.

10-வது நிமிடத்தில் ராய் கிருஷ்ணா தூக்கி கொடுத்த பந்தை ஜாவி ஹெர்னாண்டஸ் அப்படியே உதைத்து வலைக்குள் தள்ளினார். ஏ.டி.கே. 1-0.

அதன் பிறகு முதல் பாதியில் சென்னை திரும்ப திரும்ப முட்டிப்பார்த்தது. வாய்ப்புகள் வந்தன. ஏ.டி.கே. கோல் கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா மலை மாதிரி நின்றார். எதிர் அணியின் முக்கிய ஆள் ராய் கிருஷ்ணா முதல் பாதியிலேயே காயத்தால் வெளியேறினார். அந்த அதிர்ஷ்டத்தையும் சென்னை பயன்படுத்திக்கொள்ளவில்லை.

48-வது நிமிடத்தில் எடு கார்சியா கோல். 2-0. 69-வது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்று திருப்பினார். 2-1. உயிர் வந்தது. சமன் செய்ய எல்லாரும் முன்னால் ஓடிய நேரத்தில், கூடுதல் நேரத்தின் 3-வது நிமிடம் ஹெர்னாண்டஸ் மறுபடி கோல் போட்டார். 3-1. முடிந்தது கதை.

ஒரு மாதம் முன்பு கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1 என்று வென்ற அணி, அதே 3-1 கணக்கில் அதே அணியிடம் தோற்றது. ஏ.டி.கே. பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாசுக்கு இது 2-வது கோப்பை. 2014-ல் நடந்த முதல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்று கொடுத்தவரும் அவரே.

தங்க ஷூ மட்டும் மிச்சம்

ஆறுதலுக்கு ஒன்று கிடைத்தது. வால்ஸ்கிஸ், ராய் கிருஷ்ணா, ஓக்பெச்சே மூவரும் தலா 15 கோல் போட்டிருந்தார்கள். அதிக கோலுக்கான தங்க ஷூ வால்ஸ்கிசுக்கு போனது. கிரிவெல்லாரோ 7 கோல் போட்டு, 8 கோலுக்கு உதவினார். அரை இறுதி, இறுதிப்போட்டி எல்லாம் சேர்த்து 21 ஆட்டத்தில் சென்னை போட்டது 39 கோல். வாங்கியது 34.

ராயபுரத்துக்கு அப்போது வேறு கவலை

தோல்வியை பற்றி பேசி தீர்க்கக்கூட நேரம் இல்லை. மார்ச் 22-ந் தேதி மக்கள் ஊரடங்கு. 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அடுத்த வாரங்களில் சென்னை மாநகராட்சி தினமும் வெளியிட்ட கொரோனா பட்டியலில் ராயபுரம் மண்டலம் முதல் இடத்தில் வந்து நின்றது. தெருவுக்கு தெரு தகரம் அடித்து அடைத்தார்கள். வேலை இல்லை, கூலி இல்லை. அந்த நேரத்தில் கால்பந்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அடுத்த 2 சீசன்கள், அதாவது 2020-21, 2021-22 ஆட்டங்கள் எல்லாம் கோவாவிலேயே பூட்டிய மைதானங்களில் நடந்தன. நேரு ஸ்டேடியத்துக்கு ஐ.எஸ்.எல். திரும்பியது 2022 அக்டோபரில்தான். ஆக, கோவாவை 4-1 என்று அடித்த அந்த பிப்ரவரி 29-ந் தேதி ஆட்டம்தான் சென்னை ரசிகர்கள் இரண்டரை வருடத்துக்கு கடைசியாக நேரில் பார்த்த ஐ.எஸ்.எல். ஆட்டம்.

அந்த டீம் என்ன ஆனது?

கோய்ல் சென்னையில் தங்கவில்லை. அந்த வருடமே ஜாம்ஷெட்பூருக்கு போனார். வால்ஸ்கிசும் அங்கே போனார். 2021-22 சீசனில் கோய்லின் ஜாம்ஷெட்பூர் லீக்கில் முதல் இடம் பிடித்து கேடயம் வென்றது. பாவம் வால்ஸ்கிஸ், சீசன் பாதியில் 2022 ஜனவரியிலேயே சென்னைக்கு திரும்பி விட்டார். இங்கே வந்தால் 8-வது இடம்.

மற்றவர்கள் வெளியூர் போய் கோப்பை பார்த்தார்கள். கோல் கீப்பர் விஷால் கெயித் 2022-ல் மோகன் பகான் அணிக்கு போய் முதல் சீசனிலேயே ஐ.எஸ்.எல். பட்டம் வென்றார். சாங்தே மும்பைக்கு போய் 2022-23-ல் லீக் கேடயம், 2023-24-ல் ஐ.எஸ்.எல். கோப்பை இரண்டும் வென்றார். அனிருத் தாபா 2023-ல் மோகன் பகான் போய் 2023-24-ல் கேடயமும், 2024-25-ல் கேடயம், கோப்பை இரண்டையும் தொட்டார்.

ஆக, 2020-ல் தோற்ற அணியில் திறமைக்கு பஞ்சம் இல்லை. அந்த பசங்களை கட்டிக்காத்து இன்னும் 2 வருடம் ஒன்றாக ஆட வைத்திருந்தால் சென்னைக்கே கோப்பை வந்திருக்கும் என்று ரசிகர்கள் ஆதங்கப்படுவதில் நியாயம் இருக்கிறது. இறுதிப்போட்டியில் தோற்பது எல்லா அணிக்கும் நடக்கும். தோற்ற அணியை கலைத்து விட்டதுதான் பெரிய இழப்பு.

கோய்ல் 2023-ல் மறுபடி சென்னைக்கு வந்தார். 2023-24-ல் அணி 6-வது இடம் பிடித்து நாக்-அவுட் சுற்றுக்கு போய், அங்கே கோவாவிடமே 1-2 என்று தோற்றது. 2024-25-ல் 11-வது இடம். அதன் பிறகு கோய்ல் விலகினார்.

உலகத்திலும் இப்படி உண்டு

இந்த வலி சென்னைக்கு மட்டும் சொந்தம் இல்லை. பக்கத்து கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 என்று 3 ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டியில் தோற்றது. அதில் இரண்டு பெனால்டி ஷூட்-அவுட்டில் போனது. முதல் இரண்டிலும் கோப்பையை பறித்தது கொல்கத்தாதான்.

ஜெர்மனியின் லெவர்குசன் அணி 2002-ல் சில வார இடைவெளியில் 3 பட்டங்களை தவறவிட்டது. உள்நாட்டு லீக்கில் 2-வது இடம். ஜெர்மன் கோப்பை இறுதிப்போட்டியில் தோல்வி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ரியல் மாட்ரிட்டிடம் தோல்வி. ஊரே கிண்டல் செய்தது. 22 வருடம் காத்திருந்து 2023-24 சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட தோற்காமல் ஜெர்மன் லீக்கை வென்று வாயை அடைத்தது.

நெதர்லாந்து நாடு 1974, 1978, 2010 என 3 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் தோற்றுவிட்டு இன்னமும் காத்திருக்கிறது.

2019-20: சென்னையின் எப்.சி. ஒரே பார்வையில்

லீக் ஆட்டங்கள் (சென்னை கோல் முதலில்):

1. கோவா 0-3
2. மும்பை 0-0
3. ஏ.டி.கே. 0-1
4. பெங்களூரு 0-3
5. ஐதராபாத் 2-1
6. ஒடிசா 2-2
7. ஜாம்ஷெட்பூர் 1-1
8. கேரளா 3-1
9. கோவா 3-4
10. ஒடிசா 0-2
11. ஐதராபாத் 3-1
12. வடகிழக்கு 2-0
13. ஜாம்ஷெட்பூர் 4-1
14. கேரளா 6-3
15. பெங்களூரு 0-0
16. ஏ.டி.கே. 3-1
17. மும்பை 1-0
18. வடகிழக்கு 2-2

மொத்தம்: 8 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி, 29 புள்ளி, 4-வது இடம்

அரை இறுதி: கோவா 4-1, 2-4 (மொத்தம் 6-5)

இறுதிப்போட்டி: ஏ.டி.கே. 1-3

பயிற்சியாளர்கள்: ஜான் கிரிகோரி (முதல் 6 ஆட்டம்), ஓவன் கோய்ல் (மீதி 15 ஆட்டம்)

கேப்டன்: லூசியன் கோயன்

அதிக கோல்: வால்ஸ்கிஸ் 15, கிரிவெல்லாரோ 7